பார்லியைத் தேடாதீர்கள்

குளூட்டன் இல்லாத பீரை முதன்முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு கோப்பையை எடுக்கிறார்கள்: "பீர் மாதிரி இருக்கிறதா?" அப்படிக் குடித்தால் ஏமாற்றம் நிச்சயம். பார்லி தரும் ரொட்டி வாசனையும் கோப்பை விளிம்பில் ஒட்டி நிற்கும் கெட்டி நுரையும் இதில் கிடைக்காது. இதில் என்ன தானியம் இருக்கிறது, அது நாக்கில் என்ன செய்கிறது என்று பாருங்கள். கூழும் களியும் குரக்கன் (கேழ்வரகு) பிட்டும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது கடினமே இல்லை. பார்லி ஒன்றையே பழகிய ஜெர்மன்காரரைவிட இந்த விஷயத்தில் நம் நாக்குக்கு அனுபவம் அதிகம் என்பது என் கட்சி.

இதை நான் எழுதும், மான்ட்ரியல் தீவிலுள்ள புவாண்ட்-கிளேரில், செயின்ட் லூயி ஏரிக்குள் நீளும் முனையில், 1709-10இல் கட்டிய காற்றாலை இன்னும் நிற்கிறது. குடியேறிகளின் தானியத்தை, முக்கியமாகக் கோதுமையை, மாவாக்கிய ஆலை அது. கோதுமையே ஆகாதவர்களின் பீரைப் பற்றி அதன் பக்கத்திலிருந்து பேசுவது வேடிக்கைதான். ஆனாலும் இந்த ரசனையைத் தொடங்க மான்ட்ரியலைவிட வசதியான நகரம் குறைவு. கியூபெக்கில் பீர் வாங்கத் தனிக் கடை தேட வேண்டாம், டெப்பனர் எனப்படும் மூலைக்கடையிலேயே கிடைக்கும். மான்ட்ரியலில் உருவான குளூட்டன்பெர்க் பீரும் இந்த ஊர்ச் சரக்குதான். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜூலியென் நிகேவுக்கே சீலியாக் நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் பட்டால் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அந்தப் புரதத்தைத் தவிர்ப்பதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை. 2012இல் சான் டியாகோவில் நடந்த உலக பீர் கோப்பைப் போட்டியில், குளூட்டன் இல்லாத பிரிவின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் குளூட்டன்பெர்க்கே வாரிக்கொண்டு வந்தது.

முதலில் அதன் 'பிளாண்ட்' வகையை வாங்குங்கள். சிறுதானியமும் மக்காச்சோளமும் சேர்த்துக் காய்ச்சியது. வட அமெரிக்காவில் பீருக்குப் பயன்படும் மில்லட் பெரும்பாலும் நம்முடைய பனிவரகுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். உறைகுளிரில் எந்த தானியமும் பேசாது. நுரை எழும்பி விரைவிலேயே அடங்கும். பார்லியில் நுரையைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்கள் இங்கே இல்லை என்பதுதான் காரணம், அதைக் குறையாக எண்ண வேண்டாம். முகர்ந்தால் உலர்ந்த வைக்கோலும் லேசான எலுமிச்சையும் வரும். ஒரு மிடறு வாயில் நிறுத்தி விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். வறுத்த சிறுதானிய வாசனை அப்போதுதான் தெரியும்.

அடுத்தது 'ரூஸ்', செந்நிற வகை. வறுத்த செஸ்ட்நட்டும் பக்வீட்டும் சேர்ந்தது. பக்வீட்டைப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதற்கும் கோதுமைக்கும் எந்த உறவும் இல்லை. கியூபெக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் கலெத் என்ற தோசை சுடுகிறார்கள். மண் வாசனையும் வாயில் ஒரு கனமும் அது கொடுக்கும். இதைக் கொஞ்சம் குறைந்த குளிரில், பத்துப் பன்னிரண்டு டிகிரியில் குடிப்பது நல்லது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட வெள்ளை வகையும் உண்டு. ரசப்பொடி இடித்த வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தக் கொத்தமல்லியை யாரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. சோளப் பாகில் காய்ச்சிய பீர்களும் சந்தையில் உண்டு. ஒருவித உலோகப் புளிப்பு கடைசியில் தங்குவதால் எனக்கு அவை அவ்வளவாக ஒட்டவில்லை.

வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. 'குளூட்டன் குறைக்கப்பட்டது' என்று சில பீர்கள் வருகின்றன. பார்லியில் காய்ச்சி, நொதி விட்டுப் புரதத்தை வெட்டியவை அவை. வெட்டுண்ட துண்டுகளைச் சோதனைகள் சரியாக அளப்பதில்லை என்பதால் சீலியாக் நோயாளிகள் அவற்றைத் தொடாமலிருப்பதே மேல். கனடாவில் உணவைக் குளூட்டன் இல்லாதது எனச் சொல்வதற்கு அளவுகோல் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மிகாமல் இருப்பது.

கடைப் பீரைச் சுவைத்துப் பழகியதும், ஒரு முறையாவது நீங்களே காய்ச்சிப் பாருங்கள். தானியம் எங்கே பிடிவாதம் பிடிக்கிறது என்பது அடுப்பு முன்னால்தான் புரியும். கனடாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. விற்பதற்குத்தான் தடை.

பிடிவாதம் இதுதான். பார்லியின் மாவுச்சத்து அறுபது, அறுபத்தைந்து டிகிரிக்குள்ளேயே வெந்து அவிழ்ந்துவிடும். அதைச் சர்க்கரையாக்கும் நொதிகளும் அந்தச் சூட்டில் சுறுசுறுப்பாக இருக்கும். கேழ்வரகு, சோளம், வரகு போன்றவற்றின் மாவு அவிழ எழுபது டிகிரியை ஒட்டியோ அதையும் தாண்டியோ சூடு வேண்டும். அதற்குள் நொதிகள் பலவும் செத்துவிடும். மாவு திறக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது மாவு திறக்கவில்லை.

நம் வீடுகளில் இதற்குப் பாதி விடை ஏற்கெனவே உண்டு. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி கட்டியாகாமல் இளகி வருவது ஏன்? முளையில் பிறந்த அமைலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டுவதால்தான். சிறுதானியங்களுக்குள் அந்த நொதி கேழ்வரகில் அதிகம். பீருக்கும் இதே வேலைதான்.

மான்ட்ரியலின் மேற்குத் தீவுப் பகுதியிலுள்ள இந்திய, இலங்கைக் கடைகளில் முழுக் கேழ்வரகு கிடைக்கும். ஒன்றேகால் கிலோவைக் கல், கோதுமை மணி பொறுக்கிவிட்டு ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு மூன்று நாள் முளைகட்டுங்கள். பூஞ்சை கண்டால் அத்தனையையும் கொட்டிவிடுங்கள். 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி வேரை உதிர்த்துவிடுங்கள். சோளத்தை முளைகட்டுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதன் முளையிலும் வேரிலும் சயனைடு உண்டாக்கும் சேர்மம் இருக்கிறது. ஒரு கைப்பிடியை மட்டும் வாணலியில் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள், நிறமும் மணமும் அதிலிருந்து வரும். சப்பாத்தி மாவு பட்ட மிக்ஸியை இதற்கு எடுக்காதீர்கள். கடைப் பெருங்காயத்திலேயே கோதுமை மாவு கலந்திருக்கும் சமையலறை நம்முடையது.

நொறுநொறுவென அரைத்ததை இரண்டரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில், 40-45 டிகிரியில், அரைமணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்துத் தனியே வையுங்கள். நொதிகள் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். அடியில் தங்கியதோடு வறுத்ததையும் சேர்த்து, இன்னும் இரண்டரை லிட்டர் நீர் விட்டுக் கஞ்சியாகக் கொதிக்க விடுங்கள். மாவு நன்றாக அவிழ்ந்தபின் ஆறவைத்து, வடித்த நீரைக் கலந்தால் 65 டிகிரிக்கு வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலை ஆகாது. இரண்டு மணி நேரம் சூட்டைக் காப்பாற்றுங்கள். கெட்டிக் கஞ்சி கண்ணெதிரே இளகித் தண்ணீராவதையும், நாக்கில் வைத்தால் இனிப்பதையும் காணலாம். தனியே எடுத்த ஒரு கரண்டியில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமாகாவிட்டால் வேலை முடிந்தது. நீலம் போகாவிட்டால் கடைகளில் விற்கும் அமைலேஸ் நொதியைக் கொஞ்சம் சேர்ப்பதில் வெட்கமில்லை.

மிச்சமெல்லாம் எல்லாப் பீருக்கும் பொதுவானது. துணியில் வடித்து, ஒரு மணி நேரம் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டு, இரண்டு வாரம் 18-20 டிகிரியில் விடுவது. கேழ்வரகின் மணம் கேட்க வேண்டுமானால் ஹாப்ஸ் ஏழெட்டு கிராமுக்கு மேல் வேண்டாம். ஈஸ்ட் பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். உலகெங்கும் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு ஈஸ்ட் அனுப்பும் லாலமண்ட் நிறுவனத்தின் தலைமையகம் இதே மான்ட்ரியல்தான். நொதித்தல் முழுதும் நின்றபின் லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

வந்தது மங்கலாக, பழுப்பாக, சற்றே புளிப்பும் கோகோ போன்ற கசப்புமாக இருக்கும். அதை எதனோடு ஒப்பிடுவது? கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் தொங்பா என்று ஒன்று உண்டு. நொதித்த கேழ்வரகின் மேல் வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலால் உறிஞ்சுவது, வெந்நீர் ஊற்ற ஊற்றச் சுவை மாறிக்கொண்டே போகும். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, நொதியடை கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழியும் மது விரிவாக வருகிறது. உங்கள் கேழ்வரகுப் பீரை இந்த வரிசையில் வையுங்கள். கடைப் பார்லி பீர் பக்கத்தில் வைத்தால் அதற்கும் அநியாயம், உங்களுக்கும் அநியாயம்.

தொட்டுக்கொள்ள என்ன? பிளாண்டுக்கு உளுந்து வடையோ பொரித்த நெத்தலியோ பொருந்தும். ரூஸுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல். செஸ்ட்நட்டின் இனிப்பு மிளகுக் காரத்தைத் தணிக்கும். கேழ்வரகுப் பீருக்குக் கருவாட்டுக் குழம்பும் அரிசிப் பிட்டும். நண்பர்கள் கொத்துரொட்டி வாங்கிவந்தால் சீலியாக் உள்ளவருக்குத் தனியாக அரிசிமாக் கொத்து இடியப்பம் சொல்லிவிடுங்கள், ரொட்டி கொத்தாத வேறு கல்லில் போடச் சொல்லி.