சூல்கொண்ட வயலும் சூசையப்பரின் இரவும்

தேம்பாவணியின் பெயரைப் பெருமையோடு சொல்லாத தமிழ்க் கத்தோலிக்கர் அரியர். அதனை எடுத்துப் படிப்போர் அவரினும் அரியர். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என்னும் கணக்கு பள்ளித் தேர்வுக்குப் படித்த நினைவாக நம்முள் தங்கியிருக்கிறது. இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயேசு சபைத் துறவி தமிழ் கற்று வீரமாமுனிவராகி இக்காப்பியத்தை யாத்தார் என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் இது எந்தக் காலத்தில் படிப்பதற்குரிய நூல் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதன் தலைவர் புனித சூசையப்பர். 'பெருக்கம்' எனப் பொருள்படும் அவரது எபிரேயப் பெயரை முனிவர் 'வளன்' என்று தமிழாக்கினார். பிறக்கப்போகும் குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு தொழிலாளியின் கதையை வாசிக்கத் திருவருகைக் காலத்தைவிடப் பொருத்தமான காலம் உண்டோ?

இந்நூலின் இரண்டு பகுதிகளை மட்டும் இங்கு நோக்குவோம். ஒன்று, தொடக்கத்தில் வரும் நாட்டுப் படலம். மற்றொன்று, சூசையப்பரின் மனப்போராட்டத்தைச் சொல்லும் ஐயந்தோற்று படலமும் அதனைத் தொடரும் ஐயநீங்கு படலமும். இவற்றை ஒருங்கே வைத்துப் படிக்குமாறு நம்மைத் தூண்டுவது கடலூர் மாவட்டத்திலுள்ள ஓர் ஊர். அது நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் உள்ள வளையமாதேவி. வீரமாமுனிவரின் நினைவோடு பிணைந்த கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆதலால் முனிவருக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு புதியதன்று.

நெல் விளையும் யூதேயா

நாட்டுப் படலம் தமிழ்க் காப்பிய மரபில் வந்தது. மேகம் கடல்நீரை முகந்து மலைமேல் பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. சூசையப்பர் பிறந்த யூதேயா நாடு முனிவரின் கையில் மருதநிலமாகிவிடுகிறது. கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்த மலைநாட்டை நெல்லும் கரும்பும் தழைக்கும் சோணாடு போலப் பாடலாமா என்று கேட்பாரும் உளர். மறை தமிழ் மண்ணில் வேரூன்றியதற்கு இதுவே சான்று என்று போற்றுவாரும் உளர். இரு சாராரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இருவரும் கேளாத கேள்வி ஒன்றும் உண்டு. இத்துணை வளம் நிறைந்த நாடு மீட்பரை ஏன் எதிர்நோக்க வேண்டும்?

எசாயாவின் ஏக்கம் பாலைநிலத்தில் பிறந்தது. வறண்ட நிலம் பூக்கும், வெட்டுண்ட அடிமரம் தளிர்க்கும் என்பதே அவர் கண்ட காட்சி. லூக்கா காட்டும் நாடோ உரோமைப் பேரரசன் கட்டளைக்காக மக்கள் தத்தம் ஊருக்கு அலைந்த நாடு. முனிவரின் நாட்டுப் படலம் வளத்தைப் பாடுகிறது; அவ்வளத்துக்கு வியர்வை சிந்தியவனின் கவலைக்கு அது செவிசாய்ப்பதில்லை. வரப்பின்மேல் நின்று வயலைப் பார்ப்பவரின் பார்வை அது. இக்குறை முனிவருக்கு மட்டும் உரியதன்று. அவர் பின்பற்றிய மரபுக்கே உரியது. எனினும் திருவருகைக் கால வாசகருக்கு இக்குறை உறுத்தவே செய்யும். வளத்தை மட்டும் பாடும் நாவால் எதிர்நோக்கின் வேதனையைச் சொல்ல இயலாது.

வளையமாதேவியில் நிகழ்ந்தது

நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்தப் பழுப்பு நிலக்கரி தரும் மின்சாரம் தென்மாநிலங்கள் பலவற்றுக்குச் செல்கிறது. திசம்பர் மாதத்தில் நம் வீட்டு முற்றத்தில் தொங்கும் காகித விண்மீனின் ஒளியிலும் அதற்குப் பங்கிருக்கலாம். இதை மறந்துவிட்டு உழவர் துயரைப் பேசுவது நேர்மையாகாது.

சுரங்கம் விரிவடையும்போது ஆறும் வழிமாற வேண்டியிருக்கிறது. பரவனாற்றின் நீரைத் திருப்பிவிடுவதற்கான கால்வாயை வெட்ட, 2023 சூலை 26 அன்று காவலர் பாதுகாப்புடன் மண் அள்ளும் எந்திரங்கள் வளையமாதேவி வயல்களில் இறங்கின. வயலில் அப்போது நெற்பயிர் நின்றது. அறுவடைக்குக் காத்திருந்த பச்சைப் பயிர் மண்ணோடு மண்ணாகப் புரட்டப்பட்டது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, அதில் பயிரிட வேண்டாம் என்று முன்னரே தெரிவிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். இழப்பீடு போதவில்லை, வாழ வேறு வழியில்லை என்பது உழவரின் முறையீடு. இரு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி, பயிர் அழிவதைக் கண்டு கண்ணீர் வந்ததாகக் கூறினார். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்க இயலாதா என்ற பொருள்படக் கேட்டார். பின்னர் பயிரிழப்புக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. பயிர் வாடியதற்கே மனம் நொந்த இராமலிங்க அடிகளின் வடலூர் அருகிலேயே இருக்கிறது என்பதும் நினைக்கத் தக்கது.

நிலத்தின் உரிமை பற்றிய வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. நம் கவனத்துக்குரியது 'இரண்டு மாதம்' என்ற சொல். நம் உழவர் கதிர் உள்ளடங்கி நிற்கும் நெல்லைச் 'சூல்கொண்ட பயிர்' என்பர். கருவுற்ற பெண்ணுக்கும் கதிர் சுமந்த பயிருக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வேண்டுவது ஒன்றே: காலம் நிறைவேறும் வரை பொறுத்தல். திருவருகைக் காலத்தின் உட்பொருளும் அதுவன்றோ? கடவுள் தம் மகனை வானத்திலிருந்து ஒரு நொடியில் இறக்கிவிடவில்லை; ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றில் மாதக் கணக்கில் வளரவிட்டார். எல்லாம் வல்லவர் பொறுத்திருந்தார்.

இரு படலங்களுக்கு நடுவே ஓர் இரவு

இவ்விடத்தில்தான் வீரமாமுனிவரின் உண்மையான ஆற்றல் வெளிப்படுகிறது. மத்தேயு நற்செய்தி சூசையப்பரின் ஐயத்தைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. அவர் நேர்மையாளர், மரியாளை இகழ்ச்சிக்குள்ளாக்க விரும்பாதவர், மறைவாக விலக்கிவிட எண்ணினார், கனவில் தூதர் தோன்றினார். முனிவரோ இதற்கு இரண்டு படலங்களை ஒதுக்குகிறார். மரியாளின் தூய்மைமேல் வளன் வைத்த மதிப்பும் அவர் கண்ணால் கண்டதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாதவர் காப்பியத்தில் தம் நெஞ்சோடு பேசுகிறார். ஐயம் தோன்றுவது ஒரு படலம். அது நீங்குவது மற்றொரு படலம். இவற்றை ஒன்றாக அடக்காமல் பிரித்தமைத்த அமைப்பே ஓர் உண்மையை உணர்த்துகிறது: நம்பிக்கை உடனே வருவதில்லை, நடுவே ஓர் இரவைக் கடக்க வேண்டும்.

சூசையப்பரின் பக்கம் சட்டம் இருந்தது. அதை அன்றே அவர் பயன்படுத்தியிருந்தால் ஊரில் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். தமக்குள்ள உரிமையை முழுதும் செலுத்தாமல் அவர் தயங்கினார், சிந்தித்தார், உறங்கினார். அந்தத் தயக்கத்தின் இடைவெளியில்தான் வானதூதர் வந்தார். கடவுளால் ஆகும் என்பது மனிதன் விட்டுக்கொடுத்த அச்சிறு கால இடைவெளியில்தான் நுழைகிறது. அவர் விரைந்திருந்தால் தூதர் சொல்லும் செய்தியைக் கேட்க அந்த இரவே இருந்திராது. நேர்மை என்பது சட்டம் தரும் உரிமையைக் கடைசித் துளிவரை வாங்கிக்கொள்வதன்று. சூல்கொண்ட ஒன்றுக்குக் காலம் கொடுப்பது என்பதை இவ்விரு படலங்களும் நமக்குக் கற்பிக்கின்றன. என் கருத்தில் தேம்பாவணியின் உயிர்நிலை நாட்டுப் படலத்தின் வளத்தில் இல்லை. இந்த இரவில்தான் இருக்கிறது.

பைதிரம் நீங்கும் குடும்பம்

நம்பினால் இழப்பு நேராது என்று எண்ணிவிடலாகாது. முதற்காண்டத்திலேயே பைதிரம் நீங்கு படலம் வருகிறது. பைதிரம் என்றால் நாடு. ஏரோதின் வாளுக்குத் தப்பி, குழந்தையோடு குடும்பம் எகிப்துக்குப் புறப்படுகிறது. நெல்லும் கரும்பும் தழைக்கப் பாடப்பட்ட அந்நாடு தன் மீட்பருக்கே இடம் தரவில்லை. நாட்டுப் படலத்தில் நாம் கண்ட குறைக்கு இப்படலம் ஒருவாறு விடையிறுக்கிறது. வளமான நாடும் ஓர் ஏழைக் குடும்பத்தை இரவோடு இரவாக வெளியேற்றக் கூடும். அப்போதும் கடவுள் அக்குடும்பத்தோடு நடந்தார்.

எசாயா கண்ட தளிர் உழவருக்குத் தெரியாததன்று. அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புப் பயிரை அவர்கள் அறிவர். ஆனால் வேரோடு வாரப்பட்ட வயலில் மறுதாம்பும் துளிர்க்காது. அங்கே கடவுளால் ஆகும் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? லூக்கா ஒரு வழி காட்டுகிறார். கடவுளால் இயலாதது இல்லை என்று கேட்ட மரியா வீட்டில் அமர்ந்து அதை எண்ணி மகிழவில்லை. முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்தார். ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்தார். திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு மூன்றாண்டு வட்டத்தில் முறையே சூசையப்பரின் கனவையும் மரியாளுக்கு வந்த செய்தியையும் எலிசபெத்தின் சந்திப்பையும் நற்செய்தியாகத் தருகிறது. பொறுத்தல், நம்புதல், பகிர்தல் என்னும் மூன்றும் ஒரே அன்பின் மூன்று நிலைகள். நம்பிக்கை நம்மிடம் தங்கிவிட்டால் அது வெறும் மனநிறைவு. அடுத்தவர் வீட்டுப் படியேறும்போதுதான் அது இறையன்பு ஆகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 திசம்பர் 8 முதல் ஓராண்டைச் சூசையப்பர் ஆண்டாக அறிவித்தபோது, அவரைப் பேசாமல் செயல்பட்ட தந்தையாகவே நம் முன் நிறுத்தினார். சுரங்கத்தில் உழைத்து ஊதியம் பெறுபவரும் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவரும் ஒரே ஆலயத்தில் ஒரே வரிசையில் நற்கருணை பெறக் கூடிய ஊர்கள் நம்முடையவை. ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாகப் பார்க்க ஆயிரம் காரணம் கிடைக்கும். இந்நான்கு வாரங்களில் அவர் இவர் வீட்டுக்கும் இவர் அவர் வீட்டுக்கும் சென்று, இழந்தவரின் கதையை இடைமறிக்காமல் கேட்டால் அதுவே சந்திப்பு. கடன் கொடுத்தவர் அறுவடை வரை பொறுக்கலாம். வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு மாதத் தவணை கொடுக்கலாம். பொறுப்பில் இருப்பவர் சட்டப்படி இன்றே செய்யக் கூடியதை இரக்கத்தின்படி நாளை செய்யலாம்.

தேம்பாவணி என்பதற்கு வாடாத மாலை என்றும் பொருள் கூறுவர். மாலை வாடாதிருக்கப் பாட்டு மட்டும் போதாது. பிறக்க இருப்பதற்குக் காலம் கொடுக்கும் நெஞ்சங்களும் வேண்டும். அத்தகைய ஒரு நெஞ்சு நாசரேத்தில் இருந்தமையால் மீட்பர் பிறக்க ஒரு வீடு கிடைத்தது.