பங்குனி வெயிலில் மூன்று நாள்

யாழ்ப்பாணத்துக்கு வந்தால் என்ன பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நல்லூர், கோட்டை, பொது நூலகம், கீரிமலை என்று எல்லாரும் ஒப்புவிக்கும் பட்டியலைத்தான் நானும் சொல்லுவேன். வருகிறவர் பங்குனி மாதத்தில் வருகிறார் என்றால் மட்டும் கதை வேறு. கையில் ஒரு தொப்பியைக் கொடுத்து, தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, நேரே மத்திய கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப்போய் இருத்திவிடுவேன். மூன்று நாளைக்கு எழும்ப விடமாட்டேன்.

‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பத்திரிகைகள் எழுதும். ஊரில் ‘பிக் மட்ச்’ என்றால் போதும், எது என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும், சனத்தின் வாயில் ‘சென்றல்’, ‘சென்.ஜோன்ஸ்’, 1904-ஆம் ஆண்டிலிருந்து விளையாடிவரும் துடுப்பாட்டம் இது. சென்றல் 1816-இல் மெதடிஸ்த மிஷன்காரர் தொடங்கியது. சென்.ஜோன்ஸ் 1823-இல் அங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது. ஒன்று நூலகத்துக்குக் கிட்ட, நகரின் நடுவில். மற்றது சுண்டிக்குளியில். இரண்டுக்கும் இடையில் ஒரு சின்னச் சைக்கிள் ஓட்டம்தான். பக்கத்து வீட்டுக்காரர் போட்டி என்பதால்தான் இவ்வளவு சூடு. யுத்தத்தால் ஆட்டம் நடக்காமற்போன வருஷங்களும் உண்டு. அப்படியிருந்தும் 2023-இல், பரியோவான் தன் 200-ஆவது ஆண்டில் நின்றபோது, நடந்தது 116-ஆவது சமர். கொழும்பில் றோயல்–தோமியன் ஆட்டம் இதைவிட மூத்தது, 1880 தொடக்கம் நடக்கிறது. மூப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ருசியில் எங்களுடையதுதான் மேல். இதில் நான் யாரோடும் வாதாடத் தயாரில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த இரண்டு பள்ளிக்கூடத்திலும் படித்தவனில்லை. வலிகாமத்துப் பக்கம், துடுப்பாட்ட அணியே இல்லாத ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அது ஒரு குறை என்று இளவயதில் நினைத்ததுண்டு. இப்போது அதுதான் எனக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் என்று படுகிறது. காலையில் சென்றல்காரர் கொட்டகை நிழலில் இருப்பேன், பின்நேரம் வெயில் திரும்ப சென்.ஜோன்ஸ்காரர் பக்கம் போய்விடுவேன். யார் நாலு அடித்தாலும் கைதட்டுவேன், யார் விழுந்தாலும் உச்சுக்கொட்டுவேன். பக்கத்தில் இருக்கும் பொடியன் சந்தேகத்தோடு பார்ப்பான்.

“அண்ணை, நீங்கள் எந்தப் பக்கம்?”

“நடுப்பக்கம், தம்பி.”

“அப்பிடி ஒரு பக்கம் இல்லை அண்ணை. தெரிஞ்செடுங்கோ.”

அவன் சொல்வதும் நியாயம்தான்.

ஆட்டம் மூன்று நாள் என்றாலும் சேதி மாதக்கணக்கில் ஓடும். தை பிறந்தவுடனே தேநீர்க் கடையில் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த வருஷம் தலைவர் யார், போன வருஷம் விளையாடியவர்களில் எத்தனை பேர் இன்னும் பத்தொன்பது வயதுக்கு உள்ளே நிற்கிறார்கள், உயர்தரப் பரீட்சைக்கு இருக்கும் பொடியனை வீட்டில் பயிற்சிக்கு விடுகிறார்களா இல்லையா. கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்கு ரியூசனை விட்டுவிட்டு மகன் வலைப்பயிற்சிக்குப் போகிறான் என்பது லேசில் செரிக்கும் விஷயமில்லை. அதே தாய்தகப்பன் ஆட்டத்தன்று முன்வரிசையில் குடையோடு இருப்பார்கள், அது வேறு. இரண்டு பள்ளியிலும் ரீசேட்டும் கொடியும் அச்சடித்து வரும். பழைய மாணவர் சங்கக்காரர் நன்கொடைப் புத்தகத்தோடு அலைவார்கள். பத்திரிகைகளில் இரண்டு அணியின் படமும் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆட்டத்தை ஒட்டிக் கொடியும் பாண்ட் வாத்தியமுமாக நகரத்துக்குள் வாகனங்கள் சுற்றத் தொடங்கினால், பெரியகடை வியாபாரிகள்கூட வெளியே வந்து நின்று பார்ப்பார்கள்.

முதல் நாள் காலைதான் எனக்கு உயிர். சனம் குறைவு. புல்லில் இன்னும் ஈரம் கொஞ்சம் நிற்கும். புதுச் சிவப்புப் பந்தை வாங்கிய வேகப்பந்துக்காரப் பொடியன் ஓட்டத்தைக் காலடியால் அளந்து, சப்பாத்துக் குதியால் கோடு கிழித்து, திரும்பி நிற்கிறான். முகத்தில் மீசை இப்போதுதான் அரும்புகிறது. வீட்டில் அம்மா நெற்றியில் பூசிவிட்ட திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருக்கிறது. முதலாவது பந்து எப்போதும் எங்காவது வெளியே போகும், பதட்டம். விக்கெட் காப்பாளன் ஒரு பக்கமாய்ப் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டு, “பறவாயில்லையடா மச்சான், அடுத்தது” என்று கத்துவான். அந்தச் சத்தம் மைதானத்தின் மறுகரைக்கும் கேட்கும். பின்நேரம் ஆனால் பாண்ட்காரரின் பப்பரே இசையில் எதுவும் கேட்காது. அதனால்தான் காலையில் போகச் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பித்துப் பிடித்ததற்குக் காரணம் அந்த மூன்று நாள்தான். தொலைக்காட்சியில் இருபது ஓவர் ஆட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பந்தைக் கண்டால் தூக்கி அடிக்கத்தான் கை வரும். அவர்களைக் கொண்டுவந்து, ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ், மூன்று நாள், ஆறுதலாக விளையாடு என்று விட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? முதலில் அவசரப்பட்டு நாலு பேர் வெளியேறுவார்கள். பிறகு எங்கிருந்தோ ஒருவன் வந்து நிற்பான். பந்தை விடுவான். மறுபடி விடுவான். ஒரு மணித்தியாலம் நின்று பத்து ஓட்டம் எடுத்திருப்பான். அவனைப் பார்த்து எதிர்ப்பக்கத்துப் பொடியள் பாட்டுக் கட்டிக் கேலி பண்ணுவார்கள். அவன் அசையமாட்டான். பதினேழு வயதில் இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு வருஷம் மூன்றாம் நாள் பின்நேரம். எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன், நடுப்பக்கத்து மானம் ஒன்று இருக்கிறது. ஒன்பது விக்கெட் போய்விட்டது. வெல்ல முடியாது. முடியும் மட்டும் நின்றுபிடித்தால் தோல்வியில்லை, அவ்வளவுதான். கடைசி ஆளாக வந்த பொடியன் பந்து வீசத்தான் அணிக்கு எடுக்கப்பட்டவன். தலைக்கவசம் இரவல், கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அதைப் பின்னால் தள்ளிக்கொள்வான். அவனைச் சுற்றி எட்டுப் பேர் குந்திக்கொண்டு நிற்கிறார்கள். கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்ட. சுழற்பந்து. எல்லாப் பந்துக்கும் முன்காலை நீட்டி, மட்டையைக் காலோடு ஒட்டிவைத்து, தலையைக் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு பந்தும் செத்து விழ, கொட்டகையே “ஆ...” என்று மூச்சு விடுகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஒருவர், வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார். “நிக்கிறானே?” “நிக்கிறான் ஐயா.” கடைசி ஓவரும் முடிந்தது. அவன் எடுத்த ஓட்டம் பூச்சியம், ஆட்டமிழக்கவில்லை. சதம் அடித்தவனைப்போல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தக் கொண்டாட்டத்தை இருபது ஓவர் ஆட்டம் தரட்டும் பார்ப்போம்!

சரி, ஆட்டம் மட்டுமா? கச்சான் சுருள் வாங்காமல் உள்ளே போகக்கூடாது. வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய், ஐஸ்பழம், ரோல்ஸ், சோடா என்று வாய்க்கு ஓய்வே இல்லை. பாண்ட்காரர் ஒருமுறை தொடங்கினால் தேநீர் இடைவேளைக்குக்கூட நிறுத்தமாட்டார்கள். விக்கெட் விழுந்தால் ஒரு மெட்டு, நாலு அடித்தால் ஒரு மெட்டு, ஒன்றும் நடக்காவிட்டால் அதற்கும் ஒரு மெட்டு. அரைச்சதம் அடித்தவனுக்கு மாலை போட வேலியைத் தாண்டி ஓடுகிற பழைய மாணவர்களைப் பார்க்கவேண்டும்: வங்கி முகாமையாளர், வைத்தியர், தலை நரைத்த கனடாக்காரர், எல்லாரும் திடீரென்று ஒன்பதாம் வகுப்புப் பொடியள். நடுவர்தான் பாவம், அவர்களைக் கலைத்து வெளியே அனுப்புவதிலேயே களைத்துப்போவார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் நித்திரை முழித்துக் கைப்பேசியில் நேரலை பார்ப்பார்கள். ஓட்ட எண்ணிக்கையை இங்கே இருக்கிற எங்களுக்கே அங்கிருந்து அழைத்துச் சொல்கிறவர்களும் உண்டு.

ஒலிபெருக்கி வர்ணனையின் சத்தத்தை மட்டும் யாராவது பாதியாகக் குறைத்தால் புண்ணியமாய்ப் போகும்.

இந்த மைதானத்திலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விஜயகாந்த் வியாஸ்காந்தைச் சொல்லவேண்டும். சென்றல் மாணவர். மணிக்கட்டால் சுழற்றுகிற லெக் ஸ்பின். 2020-இல் லங்கா பிறீமியர் லீக்கின் முதலாவது பருவத்திலேயே யாழ்ப்பாண அணிக்கு விளையாடினார், அப்போது பத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். 2024-இல் காயமடைந்த வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு ஐ.பி.எல் அணியான சன்ரைசர்ஸ் ஐதராபாத் அவரை எடுத்தது. மே 8-ஆம் திகதி லக்னோவுக்கு எதிராக முதல் ஆட்டம். விக்கெட் கிடைக்கவில்லை, ஆனால் ஓட்டத்தை இறுக்கிப் பிடித்து நாலு ஓவரையும் முடித்தார். அதே இரவில்தான் ஐதராபாத்தின் தொடக்க ஆட்டக்காரர் இருவரும் 166 ஓட்ட இலக்கைப் பத்து ஓவருக்குள் விக்கெட் இழக்காமல் தாண்டினார்கள். உலகம் அவர்களைப் பற்றிப் பேசியது. நாங்கள் எங்கள் பொடியனின் நாலு ஓவரைப் பற்றித்தான் விடியவிடியப் பேசினோம்.

பெருஞ்சமர் முடிந்தால் பருவம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் ‘பொன் அணிகளின் போர்’ இருக்கிறது. இந்துக் கல்லூரிகளின் ஆட்டங்கள் இருக்கின்றன. அங்கேயும் இதே வெயில், இதே கச்சான்.

துடுப்பாட்டமே பிடிக்காது என்கிறவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்: பள்ளிக்கூட இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி. தை தொடங்கிப் பங்குனிவரை குடாநாட்டில் எந்தப் பள்ளிக்கூட வீதியால் போனாலும் கோடு போட்ட மைதானம் ஒன்று கண்ணில் படும். ஓட்டத்தையும் பாய்தலையும்விடச் சனம் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது இல்ல அலங்காரத்தைத்தான். ஒவ்வொரு இல்லமும் தன் கொட்டிலை ஒரு கோபுரமாக, கப்பலாக, கோட்டையாக மாற்றி வைத்திருக்கும். எல்லாம் மட்டையும் கடதாசியும் தென்னோலையும் பழைய சாக்கும்தான். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால்தான் கல் இல்லை என்று நம்பமுடியும். கணிதத்தில் புள்ளி எடுக்காதவன் என்று வகுப்பில் பேர் வாங்கிய ஒருவன் ஏணியில் நின்று அளவு சொல்லிக்கொண்டிருப்பான், கெட்டிக்காரப் பிள்ளைகள் கீழே நின்று பசை குழைத்துக்கொடுப்பார்கள்.

விளையாட்டும் லேசுப்பட்டதில்லை. 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கம் கொண்டுவந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சென்றலில் படித்தவர். தெல்லிப்பழை மகாஜனாவில் கோலூன்றிப் பாயப் பழகிய அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான இலங்கைச் சாதனையை மாற்றி எழுதினார். இருவரும் பள்ளிக்கூட மைதானத்து மண்ணில் விழுந்து எழும்பியவர்கள்தான்.

அதனால், வருகிற பங்குனிக்கு விடுமுறை எடுக்கிறவர்கள் இப்போதே எடுத்துவையுங்கள். மூன்று நாளும் முடியாது, ஒரு நாள்தான் என்றால் எல்லாரும் மூன்றாம் நாளைச் சொல்வார்கள். நான் முதலாம் நாளைச் சொல்கிறேன், காலையிலேயே. பொடியளைக் கிட்ட நின்று பார்க்க அன்றைக்குத்தான் இடம் கிடைக்கும். தொப்பி கட்டாயம், சில்லறைக் காசு கட்டாயம். எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் டக்கென்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நடுப்பக்கத்தில் எனக்கே இடம் காணாது.