நாணயப் பட்டியலில் காணும் விலை

பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் பலர் பட்டியல் நூலைத்தான் முதலில் புரட்டுகின்றனர். நாணயத்தின் படம், ஆண்டு, எடை, அடித்த எண்ணிக்கை ஆகியவற்றின் பக்கத்தில் விலையும் அச்சாகியிருக்கிறது. எடை எந்த அளவுக்கு மெய்யோ அந்த அளவுக்கு விலையும் மெய் என்று படிப்பவர் கொண்டுவிடுகிறார். மாணவருக்கு நாணயச் சேகரிப்பில் ஆர்வமூட்டும் ஆசிரியர்களும் "நூலில் இவ்வளவு போட்டிருக்கிறது" என்று சொல்வது உண்டு. இவ்வாறு கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஆராய்ச்சிக்கு ஆர். எஸ். யோமன் தொகுத்த அமெரிக்க நாணய வழிகாட்டியை எடுத்துக்கொள்வோம். சிவப்பு அட்டை உடையதாதலின் சேகரிப்போர் அதனைச் செம்புத்தகம் என்றே வழங்குவர். முதற்பதிப்பு 1947ஆம் ஆண்டுக்கு உரியதாக 1946 இறுதியில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1942இல், அவர் நீல அட்டையில் மற்றொரு நூல் வெளியிட்டிருந்தார். செம்புத்தகம் தருவது வணிகர் விற்கும் விலை. நீலப்புத்தகம் தருவது அவர் வாங்கும் விலை. தொகுப்பாசிரியர் ஒருவர், நாணயம் ஒன்று, விலை மட்டும் இரண்டு! இரண்டும் பொய்யன்று. கையிலுள்ளதை விற்கப் போகிறவர் செம்புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குச் சென்று மனங்கசந்து திரும்பினால் நூல் அதற்குப் பொறுப்பாகாது. இக்குறை அறிந்த அளவிலே தீர்ந்துவிடும். தீராத குறை வேறொன்று உண்டு.

1903ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை 44 இலட்சத்து 50 ஆயிரம் வெள்ளி டாலர்களை அடித்தது. மோர்கன் டாலர் எனப்படும் வகை அது. பின்னர் முதல் உலகப்போர் வந்தது. இந்தியாவில் காகித ரூபாய் வைத்திருந்தோர் அதற்கு ஈடாக வெள்ளியைக் கேட்டனர். பிரிட்டிஷ் அரசிடம் போதிய வெள்ளி இல்லை. 1918 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியில் மிகப் பெரும்பகுதி இந்தியாவுக்கே சென்றது. உருக்கியவர்கள் எத்தனை என்று எண்ணினார்களேயன்றி, எந்த ஆண்டு, எந்தச் சாலை என்று எழுதிவைக்கவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903ஆம் ஆண்டு டாலர், அதிலும் புழங்காத புதிய நிலையில் உள்ளது, சேகரிப்போர் கண்ணில் அரிதாகவே பட்டது. ஆகவே எல்லாம் உருகிப் போயின என்று முடிவு கட்டினர். 1962ஆம் ஆண்டளவில் செம்புத்தகத்தில் அதன் விலை 1,500 டாலர் என்று நின்றது. அவ்வாண்டின் இறுதியில் பிலடெல்பியா நாணயச்சாலையில் 1929 முதல் முத்திரையிட்டு வைத்திருந்த நிலவறை ஒன்று திறக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் காலத்தில் மக்கள் வெள்ளி டாலர் கேட்பது வழக்கம், அதற்காகத் திறந்தார்கள். வெளிவந்த பைகளில் அந்த 1903ஆம் ஆண்டு டாலர்கள், பைக்கு ஆயிரமாக, புத்தம்புதிதாக இருந்தன. சில மாதங்களில் விலை சுமார் 30 டாலருக்கு இறங்கிவிட்டது.

செம்புத்தகம் பொய் சொல்லிற்று என்று கூறுவதற்கில்லை. வணிகர் தந்த மதிப்பைத்தான் அது அச்சிட்டது. ஆனால் அம்மதிப்பின் அடியில் இருந்தது என்ன? காணவில்லை, ஆகவே இல்லை என்ற ஊகம். காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதை அளவை நூல் கற்றார் அனைவரும் அறிவர். ஆயிரக்கணக்கான விற்பனைகளால் உறுதிப்பட்ட எளிய நாணயத்தின் விலையும், ஊகத்தின்மேல் நின்ற இந்த 1,500 டாலரும் ஒரே பக்கத்தில் ஒரே எழுத்தில் அச்சாயின. என் குறை இதுதான். விலை உயரும் இடத்தில் விற்பனை அருகுகிறது. சான்று மெலிகிறது. படிப்பவரோ அவ்விடத்தில்தான் நூலை மிகுதியும் நம்ப வேண்டியவராகிறார்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளை மறைக்காமல் அடிக்குறிப்பில் காட்டினார். எந்தப் பாடம் எவ்வளவு உறுதி என்று எடை போட அது நமக்கு இடம் தருகிறது. விலை தொகுப்போரிடமும் அந்நேர்மையை எதிர்பார்க்கலாம் அன்றோ? பிற்காலச் செம்புத்தகப் பதிப்புகள் உறுதியற்ற விலையைச் சாய்வெழுத்தில் இடுகின்றன. அரிதாகவே விற்பனைக்கு வருவனவற்றுக்குச் சில இடங்களில் விலையே குறிப்பதில்லை. பாராட்டத்தக்க திருத்தம். ஆயினும் அந்த விலை ஒரு விற்பனையிலிருந்து வந்ததா, பத்து விற்பனைகளிலிருந்தா, எந்த ஆண்டில் விற்றது என்பவற்றைச் சாய்வெழுத்து சொல்லாது.

தரம் என்பது இன்னொரு சிக்கல். இன்று வழங்கும் 70 புள்ளி அளவு, வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புச் சென்ட் நாணயங்களுக்காக வகுத்தது. 70 புள்ளி பெற்ற நாணயம் அடிப்படை விலையைப் போல் எழுபது மடங்கு பெறும் என்பது அவர் கணக்கு. விலைக்கணக்கு சந்தையின் முன் நிற்கவில்லை. புள்ளிகள் மட்டும் நிலைத்துவிட்டன. இப்போது ஒரு புள்ளி கூடினால் விலை பன்மடங்காகும் நாணயங்கள் உண்டு. அந்த ஒரு புள்ளியைக் காண்பதோ மனிதர் கண்.

நம் நாட்டு நாணயங்களுக்கு வருவோம். டாலரை நாம் வெள்ளி என்று அழைப்பதே அது வெள்ளியால் ஆனதால்தான். தொடுவாய்க் குடியேற்றங்களின் 1903ஆம் ஆண்டு வெள்ளி 26.95 கிராம் எடை கொண்டது. 1906இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. உலோக விலை ஏறவே, நாணயத்தை உருக்கினால் இலாபம் என்ற நிலை வந்தது. 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். பழையவற்றில் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டது. 1919க்குப் பின் வந்தது 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. ஆகவே 1903க்கு நேரே பட்டியலில் காணும் எண்ணிக்கை அடித்ததையே சொல்லும், எஞ்சியதைச் சொல்லாது. உலக நாணயம் அனைத்தையும் ஒரே நூலில் அடக்கும் பெரும்பட்டியல்கள் இத்தகைய நாணயத்துக்கு இடும் விலையை இங்குள்ள விற்பனையோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டா.

பட்டியலைத் தூக்கி எறியச் சொல்வதாக எவரும் கருத வேண்டா. 1903ஆம் ஆண்டு வெள்ளியில் பம்பாய்ச் சாலையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து 'பி' சிலவற்றில் மேலெழுந்தும் சிலவற்றில் குழிந்தும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளவும், எடையைச் சரிபார்த்துப் போலியைத் தள்ளவும் பட்டியலைப் போல் உதவும் நூல் இல்லை. விலை அறிய வேண்டுமானால் அண்மை ஏலங்களில் அதே வகை, அதே தரம், என்ன விலைக்குக் கைமாறின என்று நாலைந்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஏல நிறுவனங்கள் பல இப்போது அவற்றை வெளியிடுகின்றன. வாங்குவோர் செலுத்தும் ஏலக்கட்டணம் அத்தொகையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.