வேருக்கு இடம் வேண்டும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. நகரத்தின் நிழலில் ஒரு பகுதி ஒரே பகலில் போயிற்று. அதன் பிறகு மரம் நடுவதிலும் காப்பதிலும் சென்னை எதைக் கற்றுக்கொண்டது, எதைக் கோட்டைவிட்டது என்று நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

கற்றுக்கொண்டவற்றில் முதலாவது, மரத் தேர்வு. சாலையோரங்களில் சீக்கிரம் வளர்ந்து நிறையப் பூக்கும் குல்மோகர், இயல்வாகை போன்றவையே நெடுங்காலம் விரும்பி நடப்பட்டன. அவை விரைவாக நிழல் தந்தன. பெருங்காற்றில் விரைவாக முறியவும் செய்தன. புயலுக்குப் பின் புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம், நாவல், நீர்மருது என நம் மண்ணுக்குப் பழகிய மரங்களின் பக்கம் கவனம் திரும்பியது. மரங்களுக்காக இயங்கும் ‘நிழல்’ போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அரசும் கேட்கத் தொடங்கியது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் வர்தாவில் வேம்பும் புங்கனும்கூட விழுந்தன என்பதை மறக்கக் கூடாது. எந்த மரம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அது எந்த மண்ணில் நிற்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அடுத்தது, மியாவாக்கி காடுகள். ஜப்பானியத் தாவரவியலர் அகிரா மியாவாக்கி வகுத்த முறையில், சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் என நெருக்கி நடுகிறார்கள். குப்பை கொட்டிக் கிடந்த இடங்கள் சில ஆண்டுகளிலேயே பச்சைப் பசேலென்று மாறியதைச் சென்னைவாசிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இதிலும் ஒரு வரம்பு உண்டு. வேலிக்குள் நிற்கும் காடு, வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கோ நடைபாதையில் பழம் விற்பவருக்கோ நிழல் தராது. அந்தக் காடுகள் பிழைத்ததற்குக் காரணம் நெருக்கி நட்டது மட்டும்தான் என்று கொள்வதும் பிழை. நடுவதற்கு முன்பே மண்ணை ஆழமாகக் கிளறி, எரு இட்டு, பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகள் நீர்விட்டுக் களையெடுத்தார்கள். தெருவில் நடும் கன்றுக்கு இந்த இரண்டுமே கிடைப்பதில்லை.

தெருக் கன்றின் கதையைப் பாருங்கள். ஒரு முழக் குழி, சுற்றிலும் இரும்புக் கூண்டு, கொஞ்ச காலத்துக்கு நீர். பிழைத்து வளர்ந்தால் நடைபாதைக்குக் கல் பதிப்பவர்கள் அடிமரத்தை ஒட்டியே பதித்து, இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்துவிடுகிறார்கள். கழற்றப்படாத கூண்டின் கம்பியை மரப்பட்டை விழுங்கி வளர்ந்திருப்பதைப் பல தெருக்களில் பார்க்கலாம். அதற்கு மேலே ‘வீடு வாடகைக்கு’ அட்டையும் அதைத் தாங்கும் ஆணியும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நியாயம் சென்னைத் தெருக்களுக்கும் பொருந்தும்.

இதைவிடப் பெரிய கேடு, மண்ணுக்கு அடியில் நடப்பது. மரத்துக்கு நீரும் உணவும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள் பக்கவாட்டில் பரவியிருக்கின்றன. மழைநீர் வடிகால், மின்கேபிள், குடிநீர்க் குழாய் எல்லாம் அந்த மேல்மண்ணைத் தோண்டித்தான் போடப்படுகின்றன. பொக்லைன் ஒரு பக்கத்து வேர்களை அறுத்துப் போட்டுவிட்டால், மேலே மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. அடுத்த மழையில் மண் இளகும்போது மரம் மறுபக்கம் சாயும். 2022 ஜூனில் கே.கே. நகரில் மரம் சாய்ந்து காரில் இருந்த பெண் ஒருவர் இறந்தார். வடிகால் பணிதான் காரணம் என்ற குற்றச்சாட்டை மாநகராட்சி மறுத்தது. அந்த விவாதம் எப்படியிருந்தாலும், வேரருகே தோண்டும்போது மரம் அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதை அந்த மரணம் உணர்த்தியிருக்க வேண்டும்.

வடிகாலே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2015, 2021 வெள்ளங்களைப் பார்த்த நகரம் இது. தெருக்களும் குறுகல். ஆனால் மரத்தருகே வடிகாலைச் சற்று வளைக்கலாம். சில அடி தூரத்துக்கு இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டலாம். பருவமழைக்கு முன் கிளை கழிப்பதிலும் அவசரம்தான். மின்கம்பியில் படும் பக்கத்தை மட்டும் மொட்டையடித்துவிட்டால், மரத்தின் எடை முழுதும் மறுபக்கம் போய்விடுகிறது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. மகாராஷ்டிரத்துக்கு 1975 முதல், கர்நாடகத்துக்கு 1976 முதல், டெல்லிக்கு 1994 முதல் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டுமே உரியது. மாவட்டப் பசுமைக் குழுக்கள் வந்திருப்பது நல்ல தொடக்கம். பொது இடத்து மரத்தை வெட்ட இப்போது அவற்றிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. வேரை வெட்டுவதற்கு நடைமுறையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்குடன் 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. இலக்கு உயர்வானது. ஆனால் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை அளந்தால் ஏமாந்துபோவோம். நாற்பது வயது தூங்குமூஞ்சி மரம் ஒன்று தந்த நிழலைப் பத்துக் கன்றுகள் சேர்ந்தாலும் உடனே தந்துவிட முடியாது. கன்று நடும் ஒப்பந்ததாரருக்கான தொகையில் ஒரு பகுதியை, மூன்றாண்டு கழித்துக் கன்று உயிரோடிருந்தால்தான் தர வேண்டும். மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்திலும் மரம் பற்றிப் படித்த அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் எந்தத் துறையும் மரத்தடியில் தோண்டக் கூடாது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போய் உட்காருங்கள். இந்த ஆண்டு எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். மூன்று ஆண்டுக்கு முன் நட்டவற்றில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.