மூன்று ஆண்டுக்குள் உலகம்

1918-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ராமானுஜனை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தபோது, ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஆறு ஆண்டுகளுக்குத் தந்தது. பாடம் நடத்த வேண்டிய கட்டாயம் கிடையாது. இன்று முனைவர் பட்டம் முடித்த இளம் வரலாற்றாசிரியர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தரும் ஆய்வு நல்கை பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. கணக்குப் போடுகிறவருக்கு அது போதலாம். இரண்டு மூன்று நாட்டு ஆவணக்காப்பகங்களில் அலைந்து, புதிதாக ஒரு மொழியும் கற்க வேண்டிய உலக வரலாற்றுக்காரருக்கு எப்படிப் போதும்?

பிரிட்டிஷ் அகாடமியின் நல்கையும் மூன்றாண்டுதான். லெவர்ஹியூம் அறக்கட்டளையும் அதே காலத்துக்கே தருகிறது. ஆனால் சம்பளத்தில் பாதியை, அதுவும் ஓர் உச்சவரம்புக்குள்தான், அறக்கட்டளை ஏற்கும். மீதியைப் பல்கலைக்கழகம் போட வேண்டும். ஆகவே நடுவர்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே, யாருக்காகப் பணம் போடலாம் என்று பல்கலைக்கழகம் தனக்குள் ஒரு வடிகட்டலை நடத்திவிடுகிறது. விண்ணப்பதாரர் பிரிட்டனில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் அங்கே கல்விப் பணியில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. நைரோபியிலோ சென்னையிலோ படித்து அங்கேயே வேலை பார்ப்பவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. உலக வரலாறு பேசும் துறைக்கு இது அழகல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கை இவ்விஷயத்தில் தாராளம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்று எட்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. ஆனால் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் தங்கியிருந்த நாட்டிலேயே அந்த நல்கையைப் பெற முடியாது. குழந்தையும் குடும்பமும் உள்ளவர் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்ட வேண்டும்.

இந்தக் கால நெருக்கடி ஆய்வின் உள்ளடக்கத்தையே மாற்றுகிறது என்பது என் எண்ணம். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தைப் பாருங்கள். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்து முதியவர்கள் தொடுத்த வழக்கால், பழைய குடியேற்றங்களிலிருந்து பிரிட்டன் கொண்டுவந்து ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் ஒளித்து வைத்திருந்த கோப்புகள் 2011-இல் அம்பலமாயின. பிறகு அவை கியூவுக்கு வந்தன. இலங்கை, மலாயாக் கோப்புகளும் அவற்றில் அடக்கம். இன்று லண்டனில் அறை எடுத்துத் தங்கினாலே பல நாடுகளின் விடுதலைக்கால வரலாற்றை எழுதத் தொடங்கலாம். நல்கைக் காலத்துக்குள் அடங்கும் வேலை. ஆனால் அந்தக் காகிதங்களில் பேசுவது பெரும்பாலும் ஆட்சியாளர்தான். கிகுயு மொழியோ தமிழோ தெரிந்தவர் மட்டுமே எட்டக்கூடிய மறுபக்கத்துக்கு அட்டவணையில் இடம் இருப்பதில்லை. இணையத் தேடல் வந்தபின், ஊரறியாமல் எழுதும் இந்தப் போக்கு இன்னும் கூடிற்று. தேடுசொல்லைப் போட்டுத் தொலைதூர நாட்டுச் செய்தித்தாளை எடுக்கும்போது, அந்த ஊரைப் பற்றி எதுவும் அறியாமலே மேற்கோள் காட்ட முடிகிறது என்று வரலாற்றாசிரியர் லாரா பட்னம் 2016-இல் எச்சரித்தார்.

வரலாற்றாசிரியர் சுனில் அம்ரித் டிரினிட்டியில் ஆய்வு ஃபெலோவாக இருந்தவர். 2006-இல் வந்த அவருடைய முதல் நூல் இந்தியா, தென்கிழக்காசியாவின் பொதுச் சுகாதாரம் பற்றியது. முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை வங்காள விரிகுடாவின் வரலாற்றுக்குள் நிறுத்திய பெரிய நூல் 2013-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் லண்டன் பர்க்பெக் கல்லூரியில் ஆசிரியர். இளம் பருவ நல்கை கையிலிருக்கும் ஆய்வேட்டை நூலாக்கித் தருகிறது. கடலைக் கடக்கும் நூலுக்கு மாதச் சம்பளம் வேண்டியிருக்கிறது. அந்தச் சம்பளம் கிடைக்காமல் ஒன்பது மாத ஒப்பந்தங்களில் ஓடுபவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்பதை எந்த நூலகப் பட்டியலும் காட்டாது.

புதிய நல்கைகளைத் தொடங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம்: முதல் ஆண்டை மொழி கற்பதற்கென்றே ஒதுக்கி, அந்த ஆண்டுக்கு வெளியீட்டுக் கணக்குக் கேட்காமல் இருங்கள்.