இரண்டு ரீல் நாயகர்கள்

மௌனப்பட நகைச்சுவையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இப்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. காலம் முறம்போலப் புடைத்துவிட்டதாம். மணி தங்கியது, பதர் பறந்தது. சாப்ளின், கீட்டன், லாயிட் மூவரும் போதும். ஆவணக் காப்பகங்கள் இன்று தூசி தட்டி எடுப்பவை ஆராய்ச்சியாளர்களின் பொழுதுபோக்கு. சொல்பவர்களில் நல்ல ரசனைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் நெகட்டிவ் யாருடைய பூட்டுக்குள் இருந்தது என்று அவர்கள் கேட்பதே இல்லை.

சாப்ளின் 1918க்குப் பிறகு எடுத்த படங்களின் உரிமை தன்னிடமே வந்துசேருமாறு பார்த்துக்கொண்டார். லாயிட் தன் படங்களைத் தன் மாளிகையிலேயே பாதுகாத்தார். 1943இல் அங்கே தீப்பிடித்தபோது அவருடைய ஆரம்பகாலக் குறும்படங்கள் பல போயின. கீட்டனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நாற்பதுகளில் அவர் எம்ஜிஎம் நிறுவனத்தில் பிறர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு யோசித்துத் தந்து பிழைத்தார். அவருடைய பழைய வீட்டை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே கிடந்த படப்பெட்டிகளைக் கண்டதும், ரோஹாவர் என்ற விடாக்கண்டர் 1954 முதல் பிரதிகளைத் தேடித் திரட்டியதும்தான் கீட்டனை மீட்டன. வெளியானபோது நஷ்டப்பட்ட ‘தி ஜெனரல்’ 1972இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ வாக்கெடுப்பில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1948இல் முறத்தைப் பார்த்திருந்தால் கீட்டனும் பதர்தான்.

இழப்பின் அளவையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான ஏறத்தாழ 11,000 மௌன நெடும்படங்களில் வெளியான வடிவிலேயே மிஞ்சியவை 14 விழுக்காடு. இரண்டு ரீல் நகைச்சுவைக் குறும்படங்கள் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை. நைட்ரேட் படச்சுருள் தானாகவே மக்கும், தீப்பட்டால் வெடிக்கும். 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அதன் மௌனப்படங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் சாம்பலானது. தீ விமர்சனம் படித்துவிட்டு எரிப்பதில்லை.

மௌன நகைச்சுவையின் தொடக்க காலம் வாசகர்கள் அறிந்ததே: பாரிஸில் மாக்ஸ் லாந்தேர், இத்தாலியில் கிரெட்டினெட்டி, 1912 முதல் அமெரிக்காவில் மாக் செனட்டின் கீஸ்டோன் ஸ்டுடியோக் கும்பல். ஒன்றை மட்டும் சேர்க்கலாம். அந்த ஐரோப்பியத் துண்டுப்படங்களில் வீட்டையே தலைகீழாக்கிய லியோந்தீன், ரோசாலி போன்ற பெண்களை நாம் அறிந்திருக்கவில்லை. 2022இல் அவர்களின் படங்கள் உட்பட 99 படங்கள் ஒரே தொகுப்பாக வந்தபோதுதான், நகைச்சுவையின் ஆதிவரலாறு ஆண்களின் வரலாறாக மட்டும் எழுதப்பட்டிருந்தது எத்தனை பெரிய சோம்பேறித்தனம் என்று தெரிந்தது.

முதலில் நால்வராக இருந்த அந்த மேதைகள் வரிசையை உறுதிப்படுத்தியது ஜேம்ஸ் ஏஜி 1949இல் ‘லைஃப்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. நான்காமவர் ஹாரி லாங்டன். அற்புதமான கட்டுரைதான், பின்னால் வந்தவர்கள் அதை வேதமாக்கியதுதான் வினை. லாங்டனும் மெல்ல நழுவ, மூவர் மிஞ்சினர். 1975இல் வால்டர் கெர் எழுதிய ‘தி சைலண்ட் கிளவுன்ஸ்’ நூல்தான் ரேமண்ட் கிரிஃபித்துக்கு ஒரு நாற்காலி போட்டது. பட்டுத் தொப்பியும் குலையாத மிடுக்குமாக ‘ஹேண்ட்ஸ் அப்!’ படத்தில் அவர் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு நடுவே உளவாளியாக உலவுவார். இரண்டு சகோதரிகள் ஒருசேர அவரைக் காதலிக்க, கடைசியில் பலதார மணத்துக்குப் பேர்போன பிரிகம் யங் வந்து சேர்ந்ததும் சிக்கல் தீர்ந்துவிடும். கிரிஃபித்தின் ‘பாத்ஸ் டு பாரடைஸ்’ படத்துக்குக் கடைசி ரீலே இல்லை. இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான சார்லி பவர்ஸின் கதை இன்னும் விசித்திரம். அறுபதுகளில் பிரான்சின் துலூஸ் காப்பகத்தில் ‘பிரிகோலோ’ என்று பெயர் ஒட்டிய பெட்டிகளைத் திறந்தார்கள். கோழிமுட்டை பொரிந்து குட்டி ஃபோர்டு கார்கள் வெளிவரும் படம் கிடைத்தது. எடுத்தவர் யார் என்பதைத் துப்பறிந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

என் வழக்கு முக்கியமாக சார்லி சேஸைப் பற்றியது. இயற்பெயர் சார்லஸ் பாரட். 1893இல் பால்டிமோரில் பிறந்தவர். ஹால் ரோச் ஸ்டுடியோவில் இயக்குநராக இருந்து பிறகு நாயகனானவர். அவருக்குக் கிழிந்த கோட்டு இல்லை, கல்முகம் இல்லை, கடிகார முள்ளில் தொங்கும் சாகசம் இல்லை. ஒல்லியான, மீசை வைத்த, மரியாதையான ஒரு மனிதர். அவருடைய நகைச்சுவையின் எஞ்சின் ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்ற பதைப்பு. ‘லிமோசின் லவ்’ (1928) படத்தில் மணமகன் காரில் கல்யாணத்துக்குப் போகிறான். வழியில் பெட்ரோல் தீர்ந்து அவன் இறங்கிப்போன நேரத்தில், உடை நனைந்த ஒரு பெண் அதைக் களைந்து காயவைக்கப் பின்னிருக்கைக்குள் புகுந்துவிடுகிறாள். அவன் திரும்பி வந்து வண்டியைக் கிளப்புகிறான். பிறகு வழியில் கைகாட்டி ஏறிக்கொள்பவன் அவளுடைய புருஷன். யாரும் யாரையும் அடிப்பதில்லை. மானம் போய்விடக் கூடாதே என்பது மட்டும்தான் கதை, அதைப் பார்த்து நமக்கு வியர்க்கிறது.

‘மைட்டி லைக் எ மூஸ்’ (1926) இன்னும் ஒரு படி மேல். கணவனுக்குத் துருத்திய பல், மனைவிக்குப் பெரிய மூக்கு. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சிகிச்சை செய்துகொண்டு, தெருவில் சந்தித்து, அடையாளம் தெரியாமல் காதலிக்கத் தொடங்குகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் குற்றவுணர்வு. இறுதியில் கணவன் ஓடி ஓடி வேடம் மாற்றி, தானே தன்னோடு குஸ்தி போட்டு மனைவியை நம்பவைக்கிறான். இரண்டு ரீலுக்குள் தாம்பத்தியம் பற்றி இவ்வளவு கூர்மையாகச் சொன்ன படத்தை மூவர் வரிசையில் நான் பார்த்ததில்லை. இதை இயக்கிய லியோ மெக்கேரிதான் 1937இல் ‘தி ஆஃபுல் ட்ரூத்’ எடுத்து ஆஸ்கர் வாங்கினார். முப்பதுகளின் உரையாடல் நகைச்சுவைப் படங்களுக்கு வேர் நாடகமேடையில் இருந்ததாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ரீல் படங்களைப் பார்த்ததில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒலி வந்து இவர்களைக் கொன்றது என்பது அடுத்த கட்டுக்கதை. பிறரிடம் ரகசியம் பேசும் அளவுக்கே குரல் இருந்த கிரிஃபித்துக்கு மட்டும் அது பொருந்தும். ‘ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ படத்தில் வாய்பேசாமல் செத்துப்போகும் பிரெஞ்சுச் சிப்பாயாக வந்ததோடு நடிப்பை விட்டுத் தயாரிப்பாளரானார். சேஸோ பேசினார், பாடவும் செய்தார். ‘தி பிப் ஃப்ரம் பிட்ஸ்பர்க்’ (1931) படத்தில், பார்க்கப்போகும் பெண் எப்படியும் அழகாக இருக்கமாட்டாள் என்று நினைத்து, சவரம் செய்யாமல், பூண்டு தின்று, மோசமான கோட்டு மாட்டிக்கொண்டு போகிறார். எதிரே நிற்பவர் அழகி என்று பேரெடுத்த நடிகை தெல்மா டாட்.

உண்மையான கொலையாளி பொருளாதார மந்தமும் அதை ஒட்டி வந்த ‘ஒரு டிக்கெட்டில் இரண்டு படம்’ ஏற்பாடும். முழுநீளப் படத்துக்கு முன் ஓடிய குறும்படங்களின் இடத்தை மலிவான பி படங்கள் பிடித்துக்கொண்டன. ரோச் குறும்படங்களைக் கைவிட்டு நெடும்படத்துக்கு மாறினார். 1936இல் சேஸுக்கு அங்கே வேலை போயிற்று. கொலம்பியாவில் தானும் நடித்து, ‘த்ரீ ஸ்டூஜஸ்’ படங்களையும் இயக்கிக் கொண்டிருந்தவர், 1940இல் 46 வயதில் இறந்தார்.

அந்தப் பி படங்களையும் ஒட்டுமொத்தமாகச் சபிக்க மனம் வரவில்லை. ஹால்பெரின் சகோதரர்கள் பிறர் போட்டுவைத்த செட்டுகளில் எடுத்த ‘வைட் ஸாம்பி’ (1932) ஒன்று போதும். கரும்பாலையில் உயிரற்ற மனிதர்கள் செக்கைச் சுற்றுகிறார்கள், ஒருவன் உள்ளே விழுகிறான், மற்றவர்கள் நிற்பதில்லை. வசனம் இல்லை, மரம் முனகும் சத்தம் மட்டும். அன்று பெரிய ஸ்டுடியோக்கள் மைக்கைச் சுற்றி நடிகர்களை நிறுத்திவைத்துக்கொண்டிருந்தன. காப்புரிமை காலாவதியானதால் இப்படிப்பட்ட படங்கள் பிழைத்தன. அதனாலேயே மங்கிய 16 எம்எம் பிரதிகளாகத் தொலைக்காட்சியில் அலைந்தன. பிரதியின் அழுக்கைப் படத்தின் தரமாக எண்ணித் தீர்ப்பு எழுதியவர்கள் ஏராளம்.

மறுபக்கத்துக் குற்றமும் இருக்கிறது. எந்தப் பெட்டி கிடைத்தாலும் காவியம் என்று கூவும் சேகரிப்பாளர்கள் அலுப்பூட்டுகிறார்கள். அந்தத் தொழிற்சாலைப் படங்களில் பாதிக்கு மேல் குப்பை. கறுப்பர்களையும் சீனர்களையும் கேலி செய்யும் காட்சிகள் வயிற்றைக் குமட்டும். ஆனால் 2015இல் ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யின் இரண்டாம் ரீல் கிடைத்தது வேறு விஷயம். அதுவரை 1957இல் வந்த ஒரு தொகுப்புப்படத்தில் இருந்த வெட்டுகளை வைத்துத்தான் லாரல்–ஹார்டியின் பை (pie) பலகார வீச்சைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். முழு ரீலில்தான் அந்தக் கலவரம் எவ்வளவு நிதானமாக, ஆள் ஆளாகத் தொற்றிப் பரவுகிறது என்று தெரிகிறது.

மேதைகளின் பட்டியலை நீட்டச் சொல்லவில்லை. நெடும்படத்தை மட்டுமே கலையாக எண்ணும் பழக்கத்தை விடச் சொல்கிறேன். அடுத்த முறை சாப்ளின் விழா எடுக்கும் நம் திரைப்படச் சங்கங்கள், ‘சிட்டி லைட்ஸ்’ தொடங்குவதற்கு முன் ‘மைட்டி லைக் எ மூஸ்’ படத்தைப் போடட்டும். அரை மணி நேரம்கூட ஆகாது.