வீடு தேடிப் போகும் உதவி

கத்தோலிக்கர்களின் அன்றாட அறச்செயல்களில் நான் மிகவும் மதிப்பது, வின்சென்ட் தே பவுல் சபையினரின் இல்லச் சந்திப்பு. உண்டியலில் காசு போடுவதோடு நின்றுவிடாமல், ஏழையின் வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசும் வழக்கம் இது. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் சபையைத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டுதான் காலரா அந்நகரைச் சூறையாடியிருந்தது. மூஃப்தார் பகுதி ஏழைகளிடையே பணியாற்றிய அருட்சகோதரி ரோசாலி ராந்து இந்த மாணவர்களுக்கு வழிகாட்டி, ரொட்டிச் சீட்டும் கொடுத்தனுப்பினார்.

இன்று தமிழகப் பங்கு ஆலயங்களிலும் சபை இயங்குகிறது. உறுப்பினர்கள் இருவராகப் போகிறார்கள், மறுபடியும் போகிறார்கள். இதன் பலமே அதுதான். அரிசி இருக்கிறது, ஆனால் கேஸ் தீர்ந்துவிட்டது என்பது அடுப்படி வரை போனவருக்குத்தான் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் கட்டணமல்ல, படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்க்க ஆளில்லாததே என்பதும் அங்கேதான் விளங்கும். சபைக் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

கொடுப்பவருக்குக் கிடைக்கும் இந்த மறைவு, வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. பல பங்குகளில் விழா நாளன்று ஏழைகளை வரிசையாக நிற்கவைத்து, அரிசிப் பையும் சேலையும் கொடுத்துப் படம் எடுக்கிறோம். பெற்றவர் பெயர் ஊரறிந்ததாகிவிடுகிறது. மதம் பார்க்காமல் உதவ வேண்டும் என்பது சபையின் நெறி. ஆனாலும் 'பூசைக்கு ஒழுங்காக வருகிறாரா, குடிக்கிறாரா' என்ற விசாரணை தலைகாட்டுகிறது. யாருக்கு என்ன தேவை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த ஏழைக்கு நாற்காலி இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரே வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் மளிகை போகிறது. அந்த வீட்டு ஆணுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கும் முதலாளியிடம் யாரும் போவதில்லை. அவர் நம் பங்கின் பெரிய நன்கொடையாளராகவும் இருக்கக்கூடும். அடிபட்டவனுக்கு மருந்திடுவது அன்பின் வேலை, அடி விழாமல் தடுப்பது நீதியின் வேலை என்ற கருத்தை ஓசானாமே முன்வைத்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் ரேரும் நோவாரும் மடலில் நியாயமான கூலியை வலியுறுத்தினார்.

அப்படியானால் கொடுப்பதை நிறுத்திவிட்டு நீதிக்கு மட்டும் போராடலாமா? கூடாது. இன்று பசித்தவருக்குச் சட்டம் திருந்தும்வரை காத்திருக்க நேரமில்லை. திருத்தந்தை பதினான்காம் லியோவும் 2025இல் திலெக்சி தே ஊக்கவுரையில், நீதியின் தேவையை மறுக்காமலே, தர்மம் செய்வதைக் கைவிட வேண்டாம் என்கிறார்.

ஆகவே இல்லச் சந்திப்பு தொடரட்டும், படமெடுப்பது நிற்கட்டும். முடிந்த இடங்களில் பொருளுக்குப் பதில் பணமாகக் கொடுத்து, தேவை எது என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்க விடலாம். உதவி பெறுபவர்களுக்கும் கூட்டத்தில் இடம் தரலாம். வீட்டில் கண்டதை ரேஷன் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்குமான மனுவாக எழுதி, வட்டாட்சியர் அலுவலகம் வரை கூடவே போகலாம். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்துக்கு நம் மளிகை தேவைப்படாமல் போவதே நம் உதவியின் வெற்றி.